ரோசெட் நெபுலாவின் நடுக்குழியைத் தோண்டியது காற்றா, சூடா, வெளிச்சமா?

நடுநிசி_வாசகன்:

ரோசெட் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) படங்களில் நடுவே வட்டமாக ஒரு குழி தெரிகிறதே, அதைப் பற்றித்தான் கேள்வி. தேடிப் பார்த்தால் மூன்று விதமான பதில் வருகிறது. உள்ளே இருக்கும் இளம் விண்மீன்களின் காற்று, அதாவது அவை வெளியே வீசும் வேகமான வாயு, சுற்றியுள்ள வாயுவை ஊதித் தள்ளிவிட்டது என்கிறது ஒன்று. புறஊதாக் கதிர் வாயுவைச் சுட்டதால் அது வீங்கிக் கலைந்தது என்கிறது இன்னொன்று. ஒளியின் அழுத்தம்தான் தள்ளியது என்கிறது மூன்றாவது. பல கட்டுரைகளில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

1. இவை மூன்றும் தனித்தனியா? தனித்தனி என்றால் எதன் பங்கு எவ்வளவு? கணக்கோடு சொன்னால் நல்லது, பெருக்கல் வகுத்தலுக்குப் பயமில்லை.
2. ஓரியன் நெபுலாவிலும் ஓ வகை (மிகச் சூடான, நிறை மிகுந்த) விண்மீன் இருக்கிறது. அங்கே ஏன் இப்படி ஒரு குழி கண்ணுக்குப் படுவதில்லை?
3. நேரோபேண்ட் படங்களில் (குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் பிடித்து நிறமேற்றியவை) ரோசெட்டின் நடுவில் நீலம் நிரம்பியிருக்கிறது. அதுதான் அந்த விண்மீன் காற்றா?

---

தூசுமேகம்:

மூன்றும் தனித்தனி. உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நெபுலா எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெரும்பாலும் சூடு தீர்மானிக்கிறது. நடுவில் குழி விழுவது காற்றால். ஒளியின் நேரடி அழுத்தம் சாதாரண நெபுலாவில் மூன்றாம் இடம்தான். இனி கணக்கு.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதாவது 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம். அப்படிப்பட்ட ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒரு நடுத்தர ஓ வகை விண்மீன் நொடிக்குச் சுமார் 10⁴⁹ என்ற கணக்கில் கொட்டுகிறது. எலக்ட்ரானைப் பிடுங்கியது போக மிஞ்சும் ஆற்றல் அந்த எலக்ட்ரானின் வேகமாக மாறுகிறது, வாயு சூடாகிறது. ஆனால் கட்டுமீறிச் சூடாகாது. வாயுவில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் மோதல்களில் கிளர்ந்து ஒளியை உமிழ்ந்து சூட்டை வெளியே கடத்திவிடும். அதனால் பெரும்பாலான நெபுலாக்கள் 8,000 முதல் 10,000 கெல்வின் பக்கம்தான் வந்து நிற்கும்.

பிரிந்த எலக்ட்ரான்கள் மறுபடியும் அயனிகளோடு சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் திரும்பத் திரும்பப் பிரிக்கவே விண்மீனின் ஃபோட்டான்கள் முழுக்கச் செலவாகும் தூரம்தான் எல்லை. 1939-ல் வானியலாளர் ஸ்ட்ரோம்கிரென் கொடுத்த கணக்கு இது. கன செ.மீ.க்கு 100 அணு உள்ள வாயுவில் 10⁴⁹ ஃபோட்டானுக்கு ஆரம் சுமார் 3.1 பார்செக், 10 ஒளியாண்டு. அடர்த்தியை 10,000 ஆக்கினால் அதே விண்மீனுக்கு 0.15 பார்செக்தான். அடர்த்தியின் 2/3 அடுக்கில் ஆரம் சுருங்குகிறது. விண்மீனைவிட அதைச் சுற்றியிருப்பது என்ன என்பதே உருவத்தை அதிகம் தீர்மானிக்கும் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இந்தக் கோளம் மிக வேகமாக உருவாகிவிடும். 100 அணு அடர்த்தியில் மறுசேர்க்கைக்கு ஆகும் காலம் ஏறக்குறைய 1,200 ஆண்டு. அதைப் போலச் சில மடங்குக்குள் எல்லை போய் நின்றுவிடும். அதற்குள் வாயு இடத்தைவிட்டு நகரவே நேரமில்லை. சுட்டதுதான் நடந்திருக்கிறது, தள்ளுவது இனிமேல்தான்.

உள்ளே 8,000 கெல்வின், வெளியே சில பத்துக் கெல்வின். உள்ளே அழுத்தம் நூறு மடங்குக்கு மேல். எனவே கோளம் வீங்கும். உள்ளே ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 10 கி.மீ.; முதலில் அந்த வேகத்தில், பிறகு வெளி வாயுவை வழித்துச் சேர்த்துக்கொண்டு மெதுவாக. வானியலாளர் ஸ்பிட்சரின் விரிவுச் சமன்பாட்டில் போட்டால் 3.1 பார்செக் கோளம் 10 லட்சம் ஆண்டில் 9.3 பார்செக் ஆகிறது, உள்ளே அடர்த்தி 100-லிருந்து 20-க்கு இறங்குகிறது.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். அப்படி வீங்கிய கோளம் உள்ளே சீராக நிரம்பியிருக்கும். அதற்குள் ஒலி வேகமாகப் பரவுவதால் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகிவிடும். வெறும் சூட்டால் பந்து கிடைக்கும், வளையல் கிடைக்காது. ரோசெட்டில் தெரியும் குழிக்கு வேறு காரணம் வேண்டும்.

ஒளி அழுத்தத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். விண்மீனின் ஒளிர்வு சூரியனைப் போல 2 லட்சம் மடங்கு என்று வையுங்கள். 3.1 பார்செக் தூரத்தில் அந்த ஒளியின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.2×10⁻¹¹ டைன். அதே இடத்தில் சூடான வாயுவின் அழுத்தம் 2.2×10⁻¹⁰ டைன். பத்தில் ஒரு பங்கு. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் இந்த விண்மீனின் கோளம் 0.03 பார்செக் அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். விண்மீன் பிறந்து இன்னும் அடர்ந்த கூட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பருவம் அது, ரேடியோவில் மட்டும் தெரியும். ஆனால் அந்தச் சமநிலை ஆரம் ஃபோட்டான் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும். நூறு ஓ வகை விண்மீன்களை ஒரே இடத்தில் குவித்தால் அது 3 பார்செக் ஆகிவிடுகிறது. டாரன்டுலா நெபுலாவின் ஆர்136 போன்ற பெருங்கொத்துகளில் ஒளி அழுத்தத்தைத் தள்ளுபடி செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி: ஓரியன் நெபுலா கோளமே அல்ல. தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற விண்மீன் ஒரு பெரிய மூலக்கூறு மேகத்தின் (குளிர்ந்த அடர்ந்த வாயு மேகத்தின்) முகப்பில், நம் பக்கமாக இருக்கிறது. மேகத்தின் சுவரைச் சுட்டுக் கிண்ணம் போலக் குடைந்திருக்கிறது. சூடான வாயு அடைப்பில்லாத நம் பக்கம் வழிகிறது. நாம் அந்தக் கிண்ணத்துக்குள் நேராக எட்டிப் பார்க்கிறோம். பிரகாசமான அடித்தளம் கண்ணை நிறைப்பதால் குழி இருப்பதே தெரிவதில்லை. கிண்ணத்தின் ஓரம் ஒரு இடத்தில் நமக்குப் பக்கவாட்டில் நிற்கிறது, அதுதான் ஓரியன் பார் என்ற நேர்கோட்டு வரம்பு.

---

எக்ஸ்கதிர்:

மேலே சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் கருத்து வேறுபாடு. "அளவைச் சூடு தீர்மானிக்கிறது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. காற்றின் கணக்கையும் போடுங்கள்.

ஓ வகை விண்மீன் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை நொடிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று கொண்டால், காற்றின் இயக்க ஆற்றல் நொடிக்கு 1.3×10³⁶ எர்க். சூரியன் தரும் மொத்த ஆற்றலைப் போல 330 மடங்கு. 10 லட்சம் ஆண்டில் 4×10⁴⁹ எர்க். தூசுமேகம் சொன்ன 9.3 பார்செக் கோளத்தில் அடங்கியிருக்கும் மொத்த வெப்ப ஆற்றல் 6.4×10⁴⁸ எர்க்தான். காற்று கொண்டுவந்து கொட்டியது அதைப் போல 6 மடங்கு! அது அத்தனையும் உள்ளேயே அடைபட்டிருந்தால் சூட்டின் பங்கைப் பற்றிப் பேச்சே எழாது, காற்றே எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

ஆக உண்மையான புதிர் "குழி ஏன் இருக்கிறது" என்பதில் இல்லை, "குழி ஏன் இவ்வளவு சின்னது" என்பதில் இருக்கிறது. ரோசெட்டின் நடுவில் இருக்கும் என்ஜிசி 2244 கொத்தின் வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. எச்டி 46223, எச்டி 46150 என்று காற்று பலமான இரண்டு விண்மீன்கள் அதில் உண்டு. ஆனால் குழியின் ஆரத்தையும் விரிவு வேகத்தையும் வைத்து வயது கணக்கிட்டால் ஒரு லட்சம் ஆண்டைக்கூட எட்டாது.

ஆற்றல் எங்கே போனது? இரண்டு வழி. ஒன்று ஓட்டை. மேகம் சீரான பந்து அல்ல. அடர்த்தி குறைந்த பக்கம் திறந்தவுடன் சூடான வாயு அந்த வழியாக வெளியேறிவிடும். பிரஷர் குக்கரில் வெயிட் இல்லாதது போல. ரோசெட்டுக்கு 2018-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த கணினி மாதிரி இதையே காட்டியது: மேகம் தட்டையான தகடாக இருந்தால் காற்று தகட்டுக்குச் செங்குத்தாக இரு பக்கமும் பாய்ந்துவிடுகிறது, தகட்டுக்குள் குழி சிறியதாகவே நிற்கிறது. இரண்டாவது வழி கலப்பு. குழியின் சுவரில் கொந்தளிப்பு ஏற்பட்டு, சூடான வாயுவும் குளிர்ந்த வாயுவும் கலந்து, இடைப்பட்ட வெப்பநிலையில் ஆற்றல் கதிராகப் போய்விடும்.

ஊகம் மட்டும் அல்ல இது. 2,000 கி.மீ. வேகக் காற்று முட்டி நின்றால் வெப்பநிலை 5 கோடி கெல்வினைத் தாண்ட வேண்டும். 2003-ல் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி ரோசெட்டிலும் எம்17 என்ற இன்னொரு நெபுலாவிலும் குழிக்குள் பரவிய எக்ஸ் கதிரை அளந்தபோது கிடைத்தது ஏறக்குறைய 1 கோடி கெல்வின். வெளிச்சமும் அடைபட்ட குமிழிக் கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு.

ஓரியனுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 2019-ல் சோஃபியா விமானத் தொலைநோக்கி, அயனியான கார்பனின் 158 மைக்ரோமீட்டர் கோட்டில் ஓரியனை வேகத்தோடு சேர்த்து வரைபடமாக்கியது. கிண்ணத்துக்கு முன்னால் நம்மை நோக்கி நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில் வரும் ஓடு ஒன்று அதில் தெரிந்தது. ஆரம் சுமார் 2 பார்செக், வயது சுமார் 2 லட்சம் ஆண்டு. அந்த ஓடு தள்ளப்படுவது காற்றால்தான் என்பதே அந்த ஆய்வின் முடிவு. ஆகவே ஓரியனில் குழி இல்லை என்று சொல்லாதீர்கள். குழி நம் பக்கம் வாய் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விண்மீன் நட்டநடுவில் இல்லை என்றால் குழப்பமடையாதீர்கள். பபிள் நெபுலாவைப் பாருங்கள், குமிழிக்குக் காரணமான விண்மீன் ஒரு ஓரமாக இருக்கும். அடர்த்தி அதிகமான பக்கம் சுவர் மெதுவாக நகர்ந்திருக்கிறது.

---

தூசுமேகம்:

ஒத்துக்கொள்கிறேன், "பெரும்பாலும்" என்ற சொல்லில் நிறைய மறைத்துவிட்டேன். ஓட்டை உள்ள நெபுலாவில் சூடு வெல்லும், மூடிய இளம் நெபுலாவில் காற்று வெல்லும் என்று திருத்திக்கொள்கிறேன். சூடான வாயுவும் ஓட்டை வழியே கசியும், ஆனால் அதன் வேகம் 10 கி.மீ.; காற்று சூடாக்கிய வாயுவில் ஒலி வேகமே நொடிக்குப் பல நூறு கி.மீ. ஒரே ஓட்டையில் எது முதலில் காலியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

---

நேரோபேண்ட்_நேரம்:

மூன்றாவது கேள்விக்கு நான். நீலம் விண்மீன் காற்று அல்ல. படங்களைப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான்.

நீலமாகக் காட்டப்படுவது இரட்டை அயனி ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் கோடு. ஆக்சிஜனிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அத்தனை ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் குறைவு, விண்மீனுக்கு அருகிலேயே தீர்ந்துவிடும். அதனால் நீலம் உள்பக்கம். ஆனாலும் அது 10,000 கெல்வின் வாயுதான். கோடிக்கணக்கான கெல்வினில் இருக்கும் காற்று வாயுவில் ஆக்சிஜன் ஏறக்குறைய எல்லா எலக்ட்ரானையும் இழந்திருக்கும், 500.7-ஐ உமிழவே முடியாது. குழிக்குள் தெரியும் நீலம், குழியின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது.

சிவப்பில் போடும் கந்தகத்துக்கு நேர்மாறான கதை. முதல் எலக்ட்ரானுக்கு 10.4 எலக்ட்ரான் வோல்ட் போதும், 23.3 எலக்ட்ரான் வோல்ட் கிடைத்தால் இரண்டாவதும் போய்விடும். எனவே ஒற்றை அயனிக் கந்தகம் கடுமையான ஃபோட்டான்கள் வந்து சேராத ஓரத்தில்தான் தாங்கும். நெபுலாவின் எல்லைக்கோடு எங்கே என்று தெரிய வேண்டுமா, கந்தகப் படத்தை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள்.

படத்தை வைத்து இயற்பியல் பேச நினைத்தால் கவனிக்க வேண்டியவை:

ஸ்ட்ரெட்ச் செய்த (மங்கலான பகுதி தெரிய வெளிச்சத்தை இழுத்துக் கூட்டிய) படத்தில் ஒப்பிடவே கூடாது. மூன்று சேனலையும் தனித்தனியாகச் சமப்படுத்தியிருப்பார்கள். ஹைட்ரஜனைவிடப் பல மடங்கு மங்கலான கந்தகம் அதே பிரகாசத்தில் தெரியும். விகிதம் வேண்டுமென்றால் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு முந்தைய நேர்கோட்டு நிலையிலேயே, பின்னணியைக் கழித்த பிறகு, ஒரு சேனலை இன்னொன்றால் வகுக்க வேண்டும். பின்னணியைக் கழிக்காமல் வகுத்தால் மங்கலான ஓரங்களில் விகிதம் தானாகவே 1-ஐ நோக்கிப் போகும். அதைப் பார்த்து "ஓரத்தில் அதிர்வலை" என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு.

ஹெச்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) ஃபில்டர் 7 நானோமீட்டர் அகலமென்றால் அதில் நைட்ரஜனும் சேர்ந்து வரும். ஹைட்ரஜன் 656.3, நைட்ரஜன் 658.4, இடைவெளி 2.1 தான். 3 நானோமீட்டர் ஃபில்டர் மையத்திலிருந்து இருபுறமும் 1.5 வரைதான் விடும் என்பதால் நைட்ரஜன் பெரும்பாலும் வெளியே நிற்கும். ஆனால் எஃப்/2 போன்ற வேகமான ஒளியமைப்பில் சாய்வாக வரும் கதிருக்கு ஃபில்டரின் ஜன்னல் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது குறுகிய ஃபில்டர் வேண்டிய கோட்டையே வெட்டும். அதற்கென்று முன்கூட்டியே நகர்த்திச் செய்த ஃபில்டர் தேவை.

கந்தகத்தின் 671.6, 673.1 இரட்டைக் கோட்டு விகிதத்தில் அடர்த்தி கிடைக்கும்: சுமார் 1.4 என்றால் அடர்த்தி 100-க்கும் கீழே, 0.45-ஐ நெருங்கினால் 10,000-க்கும் மேலே. ஆனால் இரண்டும் 1.5 நானோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, ஃபில்டரில் பிரிக்க முடியாது. பிரிதிறன் 1,000-க்கு மேற்பட்ட நிறமாலைமானி வேண்டும்.

இந்த வகைப் படங்களில் ஹைட்ரஜனைப் பச்சையில் போடுவார்கள்; மென்பொருளில் பச்சை நீக்கும் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஹைட்ரஜன் தகவலில் பெரும்பகுதி போய்விடும். அழகுக்குச் செய்யலாம், அந்தப் படத்தை இங்கே ஆதாரமாகக் கொண்டுவர வேண்டாம். ஓரியனின் நடுப்பகுதிக்கு 5 நிமிட எக்ஸ்போஷர் மட்டும் எடுத்தால் டிரப்பீசியம் (நடுவில் உள்ள விண்மீன் கொத்து) வெள்ளையாக வெந்துபோகும். சில நொடிப் படங்களைத் தனியாக எடுத்து இணைத்தால்தான் இளம் விண்மீன்களைச் சுற்றிய முன்கோள் வட்டுகளின் வால்கள் எல்லாம் தீட்டா-1 சி-க்கு எதிர்ப்பக்கம் நீண்டிருப்பதைத் தேடவாவது முடியும். அதிலும் பெரும்பாலானவை ஹப்பிள் அளவு கூர்மைக்கே பிடிபடும்.

---

நடுநிசி_வாசகன்:

நீலம் சுவர்தான், காற்று அல்ல என்பது எனக்குப் புதிது. மிக்க நன்றி. கூடவே ஒன்று: எம்16-ன் (கழுகு நெபுலாவின்) தூண்கள், அதாவது அங்கே தூண்களாக நீண்டு நிற்கும் வாயுவும் தூசியும். எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளும் கதிருக்கு நடுவே அந்தத் தூண்கள் மட்டும் எப்படி நிற்கின்றன? மேலே சொன்ன ஃபோட்டான் எண்ணிக்கையைப் பார்த்தால் எப்போதோ கரைந்திருக்க வேண்டுமே.

---

தூசுமேகம்:

சந்தேகம் நியாயமானது. நேரடியாகக் கணக்குப் போட்டால் கரைந்துதான் போகும். 10⁴⁹ ஃபோட்டான், 2 பார்செக் தூரம்: சதுர செ.மீ.க்கு நொடிக்கு 2×10¹⁰ ஃபோட்டான் விழுகிறது. வாயுவில் கன செ.மீ.க்கு 10,000 அணு என்றால் அயனியாக்க முகப்பு நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் உள்ளே குடையும். ஒரு ஒளியாண்டுத் தடிமனைத் தின்ன 15,000 ஆண்டு போதும்.

ஆனால் அப்படி நடக்காது, ஏனென்றால் தூண் தனக்குத்தானே குடை பிடித்துக்கொள்கிறது. சுடப்பட்ட மேற்பரப்பிலிருந்து வாயு விண்மீனை நோக்கி நொடிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் ஆவியாகப் பாய்கிறது. பாயும்போதே அதில் ஒரு பகுதி மறுபடி சேர்ந்து நடுநிலை அணுவாகிறது. பின்னால் வரும் ஃபோட்டான் அதைப் பிரிப்பதில் செலவாகிறது. வந்த ஃபோட்டான்களில் சிறு பங்குதான் மேற்பரப்பைத் தொடுகிறது. சிலியில் உள்ள விஎல்டி (Very Large Telescope) தொலைநோக்கியின் மியூஸ் கருவியை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில் தூண்கள் 10 லட்சம் ஆண்டுக்குச் சூரியனைப் போல 70 மடங்கு நிறையை இழக்கின்றன என்று கிடைத்தது. மொத்த நிறை சுமார் 200 மடங்கு. அப்படியே போனால் 30 லட்சம் ஆண்டு தாங்கும்.

தூணின் உருவத்துக்குக் காரணம் நுனியில் இருக்கும் அடர்ந்த முடிச்சு. முடிச்சில் முகப்பு வேகம் குறையும், பக்கத்திலிருக்கும் நலிந்த வாயு முதலில் போய்விடும், முடிச்சின் நிழலில் இருக்கும் வாயு பிழைக்கும். அதனால் தூண்கள் எப்போதும் விண்மீன் கொத்தை நோக்கி நீண்டிருக்கும். ஒரு படத்தில் தூண்களின் அச்சுகளை நீட்டி வரைந்தால் கோடுகள் கூடும் இடத்தில் குற்றவாளி இருப்பார். ஆவியாகும் வாயுவின் எதிர்விசை முடிச்சைப் பின்னாலும் உள்ளேயும் அழுத்துகிறது, ராக்கெட் தத்துவமேதான்.

அந்த அழுத்தத்தால் உள்ளே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் நிதானம் தேவை. தூண்களின் மேற்பரப்பில் ஹப்பிள் கண்ட 73 சிறு முட்டை முடிச்சுகளை அகச்சிவப்பில் சோதித்தபோது 11-ல் மட்டுமே இளம் விண்மீனின் அறிகுறி இருந்தது. அந்தப் பதினொன்றும்கூட அழுத்தத்தால் பிறந்தவையா, முன்பே உருவாகி இப்போது மேலாடை உரிக்கப்படுபவையா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

---

எக்ஸ்கதிர்:

கூடவே: "தூண்கள் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே சூப்பர்நோவாவால் தகர்ந்துவிட்டன, நமக்குத்தான் ஒளி வந்து சேரவில்லை" என்ற செய்தி 2007 முதல் சுற்றுகிறது. சூடான தூசியை அகச்சிவப்பில் பார்த்துச் செய்த ஊகம் அது. தூசியைச் சூடாக்க அந்தக் கொத்தின் ஓ வகை விண்மீன்களே போதும். அடுத்த தடவை யாராவது பகிர்ந்தால் மேலே உள்ள 70-ஐயும் 200-ஐயும் அனுப்பிவிடுங்கள்.